தையல் பிரிக்கும் நாள் வரை: கேள்வி பதில்

நாய், பூனைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வது என் அன்றாட வேலை. மேசைமேல் நடப்பதைவிட, அதற்கப்புறம் வீட்டில் கழியும் பத்துப் பதினான்கு நாள்தான் எனக்கு அதிகக் கவலை. சொன்ன பராமரிப்பை வளர்ப்பவர்கள் செய்வதில்லை என்று இளம் மருத்துவர்களும் உதவியாளர்களும் வருத்தப்பட்டுக் கேட்டிருந்தீர்கள். வளர்ப்பவர்கள் சிலரும் தங்கள் பக்கத்துக் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் கலந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் தையல் பிரிந்து வந்து நிற்கிறார்கள். கேட்டால், "நீங்கள் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். எங்கே தப்பு நடக்கிறது?

எந்த நேரத்தில் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். காலையிலிருந்து பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர், மயக்கம் தெளிந்து தள்ளாடி வரும் தன் நாயைப் பார்க்கிறார். அது முனகுகிறது. கூட வந்த பிள்ளை அழுகிறது. பணம் கட்ட வேண்டும், வண்டி காத்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நாம் பன்னிரண்டு விஷயம் சொல்கிறோம். அவர் காதில் ஒன்றும் ஏறியிருக்காது.

மனித மருத்துவத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது. நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தப்பாக நிற்கிறது. அவர்கள் நோயாளிகள். இங்கே கேட்பவர் வேறொரு உயிருக்காகப் பதறிக்கொண்டிருப்பவர்.

நான் செய்வது இதுதான். விலங்கைக் கடைசியில்தான் வெளியே கொண்டுவருவேன். முதலில் வளர்ப்பவரை உட்கார வைத்துப் பேசுவேன், அதுவும் மூன்றே மூன்று விஷயம்: நக்கவிடாதீர்கள், குதிக்கவிடாதீர்கள், மருந்தை இந்த நேரத்தில் கொடுங்கள். மற்றதெல்லாம் தாளில் இருக்கும். இன்னும் நல்லது, இதை அறுவைக்குத் தேதி குறிக்கும் அன்றே சொல்லிவிடுவது. அப்போது மனம் அமைதியாக இருக்கும். விடுப்பு எடுக்க, ஒரு அறையை ஒழிக்க, உதவிக்கு ஆள் பார்க்க நேரமும் கிடைக்கும்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் இருப்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். தையலை நக்காமலிருக்க விலங்கின் கழுத்தில் மாட்டும் கூம்பைப் பற்றி ஒருமுறை இப்படிக் கேட்டபோது, "கூம்பை ராத்திரியில் மட்டும் மாட்டணும்" என்று ஒருவர் சொன்னார். நான் சொன்னது, "முக்கியமாக ராத்திரியில் கழற்றிவிடாதீர்கள்". கேட்காமல் விட்டிருந்தால், அந்த நாய் பகலெல்லாம் தையலை நக்கிக்கொண்டிருந்திருக்கும்.

கேள்வி: அக்கா, நான் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு அச்சடித்த தாள் கொடுக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

ஒரு பக்கமாக்குங்கள் தம்பி, பெரிய எழுத்தில். மேலே தொலைபேசி எண். "10 நாள்" என்று போடாமல், எந்தத் தேதி வரை என்று கையால் எழுதுங்கள். அறுவை நடந்த நாளையும் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்ற குழப்பம் அதோடு போய்விடும். மருந்துக்கு ஒரு கட்டம் போட்டு, கொடுத்ததும் டிக் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், கிளம்பும் முன் தையலை அவர்கள் கைபேசியிலேயே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நான்காம் நாள், "இது சிவந்திருக்கிறதா, முதலிலேயே இப்படித்தானா?" என்ற சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கும்.

கேள்வி: கூம்பை மாட்டியதும் என் நாய் சுவரில் முட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பார்க்க மனசு தாங்கவில்லை. நாங்கள் பக்கத்தில் இருக்கும்போதாவது கழற்றிவிடலாமா?

உங்கள் மனசு சொல்வது பொய்யில்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 434 வளர்ப்பவர்களிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கூம்பு மாட்டியிருந்த காலத்தில் தங்கள் விலங்கின் வாழ்க்கை மோசமானது என்று 77 சதவீதம் பேர் சொன்னார்கள். இடித்துக்கொள்வது, தண்ணீர் குடிக்கச் சிரமம், விளையாட முடியாமை எல்லாம் உண்மைதான். மருத்துவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: "ஒன்றும் ஆகாது, பழகிவிடும்" என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள். அது கஷ்டப்படும் என்பதை முதலில் ஒத்துக்கொண்டால்தான், ஏன் தேவை என்பதைக் கேட்பார்கள்.

ஏன் தேவை? நாய் முன்பற்களால் நுனியாகக் கவ்வி இழுத்தால், ஒரு வரிசைத் தையலை நிமிடக்கணக்கில் உருவிவிடும். பூனையின் நாக்கில் கொக்கி போன்ற முட்கள் இருக்கின்றன. நக்க நக்கப் புதுத்தோல் உரிந்துவரும். எச்சில் பட்டால் புண் ஆறும் என்று பலர் நம்புகிறார்கள். வாயில் இருக்கும் கிருமி நேரே வெட்டுக்குள் போவதுதான் நடக்கிறது. பக்கத்தில்தானே இருக்கிறோம் என்று கழற்றி, கதவைத் திறக்கப் போய்த் திரும்பும் நேரத்தில் தையலை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கஷ்டத்தைக் குறைக்க வழி உண்டு. கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு விரல் அகலம் நீள வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணம் கூம்பின் வாயைவிடச் சிறியதாக இருக்கட்டும். கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், கூம்பு அதைச் சுற்றி இறங்கும். வழியில் இருக்கும் நாற்காலி, மேசையை ஒதுக்குங்கள். அப்படியும் சாப்பிடவில்லையென்றால், அந்த நேரம் மட்டும் கழற்றி, கண்ணை எடுக்காமல் பார்த்து, முடித்ததும் மாட்டிவிடுங்கள்.

துணிக் கூம்பு, காற்றடைத்த வளையம், உடம்பை மூடும் சட்டை என்றும் கிடைக்கின்றன. வயிற்றுத் தையலுக்குச் சட்டை பலருக்கு ஒத்துவருகிறது, ஆனால் சிறுநீரில் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். காற்று வளையத்தைப் போட்டுக்கொண்டு காலையும் வாலையும் எட்டிவிடும் நாய்கள் உண்டு. எதை வாங்கினாலும், முதல் அரைமணி நேரம் உட்கார்ந்து, வாய் புண்ணை எட்டுகிறதா என்று பாருங்கள்.

மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு: கூம்பை நீங்கள் மாட்டி அனுப்பாதீர்கள். வளர்ப்பவர் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள். வீட்டில் கழன்று விழுந்தால், திரும்ப மாட்டத் தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கருத்தடை அறுவை முடிந்த மறுநாளே துள்ளிக் குதிக்கிறது. வலியே இல்லை போலிருக்கிறது. ஏன் அடைத்து வைக்க வேண்டும்?

வலி மருந்து நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். வெளியே தோல் சில நாளில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வயிற்றுச் சுவரைச் சேர்த்துத் தைத்த அடுக்கு பழைய பலத்துக்கு வரப் பல வாரம் ஆகும். அதுவரை அந்தச் சுவரைத் தாங்குவது நூல்தான். துள்ளினால் தோலுக்கடியில் நீர் கோத்து வீங்கும். உள்தையல் விட்டுப்போனால், குடலே வெளியே பிதுங்கும் அபாயம் உண்டு.

"ஓய்வு கொடுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. ஒருவருக்கு ஓய்வு என்றால் நடைப்பயிற்சி இல்லை. இன்னொருவருக்கு வீட்டுக்குள் என்ன செய்தாலும் ஓய்வு. படி ஏறக் கூடாது, கட்டிலிலும் சோபாவிலும் தாவக் கூடாது, சிறுநீர் கழிக்கக் கயிற்றில் பிடித்து ஐந்து பத்து நிமிடம், வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் வேறு அறை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். (அந்த இன்னொரு நாயும் தையலை நக்கும். இதைச் சொல்ல எல்லோரும் மறக்கிறோம்.)

எலும்பு, முழங்கால் ஜவ்வு அறுவை என்றால் இது எட்டு வாரம், சிலவற்றுக்குப் பன்னிரண்டு. துறுதுறுப்பான நாயை அத்தனை நாள் அடக்குவது யாருக்கும் கஷ்டம். மோப்பம் பிடித்துத் தேடித் தின்னும்படி தீனியை ஒளித்து வைக்கலாம், கடிக்க ஏதாவது கொடுக்கலாம். அப்படியும் அடங்காவிட்டால் டிராசோடோன், கபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு, மருத்துவரைக் கேளுங்கள். மருத்துவர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: மாத்திரையை முழுசாகக் கொடுத்தீர்களா என்று கேட்டால், எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது.

கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "ஒன்றிரண்டு வேளை தவறுவது பலருக்கும் நடக்கும். உங்களுக்கு எந்த வேளை கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால் உண்மை வரும். துப்பிவிட்டது, கடிக்க வந்தது, மதியம் வீட்டில் ஆளில்லை என்று மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும். துப்பினால் திரவ மருந்து பார்க்கலாம். மதியம் ஆளில்லையென்றால், ஒரு நாளைக்கு ஒரு வேளையோ இரு வேளையோ போதும்படியான மருந்து இருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் மாத்திரையை மருத்துவமனையிலேயே அவர்கள் கொடுத்துப் பழகட்டும்.

கேள்வி: வலி மருந்து தீர்ந்துவிட்டது. நாங்கள் போடும் பாராசிட்டமாலில் பாதியைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பூனையின் உடம்பால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே மாத்திரையில் இறந்துபோகலாம். நாய்க்கு இபுப்ரோஃபென் கொடுத்தால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்படாமல் இந்த நிமிடமே மருத்துவரை அழையுங்கள், எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஆண் பூனைக்குத் தையலே இல்லையே, பராமரிப்பு வேண்டுமா?

வேண்டும். அந்தச் சிறு வெட்டைப் பெரும்பாலும் தைக்காமலே ஆறவிடுகிறோம். சில நாள் மலத்தட்டில் மணல்துகளுக்குப் பதில் கிழித்த காகிதம் போடுங்கள், துகள் ஒட்டாது. நக்குவது இங்கேயும் கூடாது.

கேள்வி: எனக்குக் கோபம் வந்துவிடுகிறது டாக்டர். இரண்டு மணி நேரம் நின்று செய்த வேலையை ஒரே ராத்திரியில் கெடுத்துவிட்டு வருகிறார்கள். திட்டாமல் எப்படி இருப்பது?

நானும் திட்டியிருக்கிறேன். வயதான அம்மா ஒருவர், பூனையின் வயிற்றுத் தையல் பாதி பிரிந்த நிலையில் கொண்டுவந்தார். கூம்பு எங்கே என்று கத்தினேன். பதில் சொல்லாமல் பையைத் திறந்து காட்டினார். கூம்பு உள்ளே இருந்தது, பட்டையெல்லாம் ஏதோ முடிச்சுப் போட்டுச் சிக்கலாக. மறுபடி தைத்து அனுப்பினேன். அடுத்து அவர் வந்தபோது புண்ணில் சீழ் வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. "முதல் நாளே பார்த்தேன். நீங்க திட்டுவீங்கன்னு வரலை" என்றார். கையெழுத்துப் போட்டபோதுதான் கவனித்தேன், அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கையால் பட்டையைக் கொக்கியில் கோக்கவே முடியாது. வீட்டில் வேறு ஆளும் இல்லை. பூனையைத் தையல் பிரிக்கும்வரை எங்களிடமே வைத்துக்கொண்டோம், அது பிழைத்தது. முதல் நாளே, "இதை நீங்களே மாட்ட முடியுமா?" என்று கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

கோபம் வரும்போது, "வீட்டில் என்ன கஷ்டமாக இருந்தது?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். அதற்கு வரும் பதிலைக் கேட்டபிறகு பெரும்பாலும் திட்டத் தோன்றாது.

கேள்வி: எதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், எதைப் பார்த்தால் ஓடிவர வேண்டும்?

முதல் நாள் தூக்கக் கலக்கம், குறைந்த பசி, தையல் ஓரத்தில் லேசான சிவப்பு, கொஞ்சம் வீக்கம் இருக்கலாம். மூச்சுக்குழாயில் குழாய் வைத்ததால் ஒன்றிரண்டு நாள் இருமலாம். பட்டினியும் வலி மருந்தும் சேர்ந்து, இரண்டு மூன்று நாள் மலம் போகாமலும் இருக்கலாம்.

சீழ், நாற்றம், தையல் வாய் திறப்பது, சொட்டுச் சொட்டாக ரத்தம், வெளுத்த ஈறு, திரும்பத் திரும்ப வாந்தி, கறுப்பு மலம், எழுப்பினாலும் எழாத சோர்வு என்று எதைப் பார்த்தாலும் அன்றே வாருங்கள், ராத்திரியானாலும் சரி. 24 மணி நேரம் சாப்பிடாத பூனையைத் தள்ளிப்போடாதீர்கள், கல்லீரலில் கொழுப்பு சேரும். முயல் என்றால் அத்தனை நேரமும் கிடையாது; சில மணி நேரம் தின்னாவிட்டாலே குடல் நின்றுபோகும்.

காலில் கட்டுப் போட்டிருந்தால், வெளியே தெரியும் நடு இரண்டு விரல்களைத் தினமும் பாருங்கள். நகங்கள் விலகி விரிந்திருந்தால் உள்ளே வீங்குகிறது, கட்டு இறுக்கம் என்று அர்த்தம். தாமதித்தால் காலே போய்விடும். கட்டு நனைந்தாலும் மாற்ற வேண்டும்.

கேள்வி: எத்தனை நாள் கழித்து நாமே தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது?

மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை. மூன்றாம் நாள்தான் விலங்குக்குத் தெம்பு வரும், வளர்ப்பவருக்கு அலுப்பு வரும். "எப்படி இருக்கிறது?" என்றால் "நல்லா இருக்கு" என்பார்கள். "இப்போது கூம்பு கழுத்தில் இருக்கிறதா? காலை மாத்திரை எதில் வைத்துக் கொடுத்தீர்கள்? தையலை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். கூம்பு கழுத்தில் இல்லையென்றால் சில நொடி அமைதி இருக்கும். அந்த அமைதியில் ஒன்றும் சொல்லாதீர்கள். அவர்களே எழுந்துபோய் மாட்டிவிட்டு வந்து பேசுவார்கள்.