4 மில்லி ஆம்ப் கொடுத்தும் வால்வு மூடவில்லையா? கார்டை மாற்றும் முன் ஃபீட்பேக் பாட்டைப் பாருங்கள்

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஒரு ஸ்டார்ச் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். டிரையருக்குப் போகும் ஸ்டீம் லைனில் 2 இஞ்ச் குளோப் வால்வு. அதன்மேல் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டர் (வால்வைத் திறந்து மூடும் மோட்டார் பெட்டி), உள்ளே பொசிஷனர் கார்டு (மோட்டாரை இயக்கும் சர்க்யூட் போர்டு). டெம்பரேச்சர் கன்ட்ரோலரிலிருந்து 4–20 மில்லி ஆம்ப் சிக்னல் வருகிறது; 4 என்றால் முழு மூடல், 20 என்றால் முழுத் திறப்பு. ஃபீட்பேக் பாட் (வால்வோடு சேர்ந்து திரும்பி அதன் நிலையைச் சொல்லும் பொட்டன்ஷியோமீட்டர்) தேய்ந்துபோனதால் போன மாதம் புதிது மாட்டினேன். அதிலிருந்து 4 மில்லி ஆம்புக்கு வால்வு 2 மி.மீ. திறந்தே நிற்கிறது. 20-க்கு 17 மி.மீ.யில் நின்றுவிடுகிறது, முழு ஸ்ட்ரோக் (வால்வு நகரும் தூரம்) 20 மி.மீ. கீழ்முனையைச் சரிசெய்யும் ஜீரோ ஸ்குருவைத் தொட்டால் மேல்முனையும் நகர்ந்துவிடுகிறது. நடுவில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடி, மோட்டார் சூடாகிக் கட் ஆகிறது. மாவு ஒரு நேரம் ஈரமாக வருகிறது, ஒரு நேரம் கருகல் வாசனை. கார்டு போய்விட்டது, மாற்று என்கிறார் கடைக்காரர். கிழங்கு லோடு வந்துகொண்டிருக்கும் சீசன். என்ன செய்வது?

பதில்: கார்டு வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பாட் மாற்றிய நாளிலிருந்து தொல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பொசிஷனர் கார்டுக்குக் கண் கிடையாது. வால்வு எங்கே நிற்கிறது என்று அதற்குச் சொல்வது அந்தப் பாட் ஒன்றுதான். கன்ட்ரோலர் கேட்கும் இடத்தையும் பாட் சொல்லும் இடத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருக்கும்வரை மோட்டாரை ஓட்டும். பாட் பொய் சொன்னால் கார்டும் அதை நம்பி அங்கேயே நிற்கும். உங்கள் வால்வு 2 மி.மீ.யில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: புதுப் பாட்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிட்டீர்கள். ஸ்டெம் (வால்வின் தண்டு) 2 மி.மீ.க்கு வரும்போதே பாட்டின் உள்முள் தன் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குக் கீழே அளவு மாறுவதில்லை. கார்டைப் பொறுத்தவரை வால்வு மூடியாயிற்று. இந்த நிலையில் ஜீரோ ஸ்குருவை எத்தனை சுற்று சுற்றினாலும் பயன் இல்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பாட்டின் இரண்டு முனை ஒயர்கள் இடம் மாறியிருந்தால் வால்வு ஏதாவது ஒரு கோடிக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களுடையது நடுவில் ஆடுகிறது. அதனால் ஒயர் மாறவில்லை என்று நம்பலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஸ்டீமைக் கவனியுங்கள். கேலிபரேஷன் செய்யும்போது வால்வு ஒருமுறையாவது முழுக்கத் திறக்கும். ஸ்டீம் வரும் பக்கத்தில் உள்ள ஐசொலேஷன் வால்வை மூடி, லைனில் இருக்கும் ஸ்டீமை வடித்து, ஆற விடுங்கள். பாய்லர் ஆளிடம் நேரில் சொல்லிவிடுங்கள். கவர் திறந்திருக்கும்போது கார்டில் 230 வோல்ட் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முதலில் கரண்டை நிறுத்திவிட்டு ஹேண்ட் வீலால் வால்வை மூடுங்கள். சீட்டில் உட்காருவது கையிலேயே தெரியும். ஸ்டெம்மில் அந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு முழுக்கத் திறந்து இன்னொரு கோடு. இடையில் ஸ்கேல் வைத்தால் 20 மி.மீ. வரவேண்டும். சுற்றும்போது எங்காவது கை இறுகினால் கிளாண்டை (ஸ்டெம்மைச் சுற்றி ஸ்டீம் கசியாமல் அடைக்கும் பகுதி) அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை இப்போதே சரி செய்யுங்கள். இறுகிய ஸ்டெம்மை கார்டின் எந்த ட்ரிம்மர் ஸ்குருவும் சரி செய்யாது.

அடுத்து பாட். அதன் மூன்று ஒயர்களையும் கார்டிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் கார்டின் வழியாகவும் மின்னோட்டம் போய் மீட்டர் தப்புக் காட்டும். உங்களுடையது 1 கிலோ ஓம் பாட் என்று வைத்துக்கொள்வோம். வால்வை மூடிய நிலையில் நடு ஒயருக்கும் மூடும் பக்க முனைக்கும் இடையில் சுமார் 100 ஓம், முழுக்கத் திறந்தால் 900-ஐ ஒட்டி வந்தால் மிக நல்லது. பாதி ஸ்ட்ரோக்கில் 500. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். உங்கள் ஆக்சுவேட்டரின் பல்சக்கர விகிதத்துக்கு 150-லிருந்து 850 வந்தாலும் பரவாயில்லை. மூடும்போது 10 ஓமுக்குக் கீழே போய் அப்படியே நின்றால் நான் சொன்ன கோளாறு உறுதி. பாட் பல்சக்கரத்தின் சின்ன ஆலன் ஸ்குருவைத் தளர்த்தி, வால்வு மூடியிருக்கும்போதே பாட்டை 100 ஓமுக்குத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். இறுக்கியபின் இன்னொரு முறை அளங்கள். அந்த ஸ்குரு இறுகும்போது ஷாஃப்ட் லேசாகத் திரும்பும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இதற்குப் பழைய முள் மீட்டர் இருந்தால் எடுங்கள். ஹேண்ட் வீலை மெதுவாகச் சுற்றும்போது முள் ஒரே சீராக ஏறவேண்டும். எங்காவது துள்ளினால் அந்த இடத்தில் பாட்டின் டிராக் கெட்டிருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் இந்தத் துள்ளல் பெரும்பாலும் கண்ணுக்குப் படாது.

பிறகு லிமிட் ஸ்விட்ச், அதாவது ஸ்டெம் எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச். திறக்கும் பக்கத்தில் அதைத் தட்டும் கேமை முழுத் திறப்பைத் தாண்டிச் சற்றே தள்ளி வையுங்கள். சாதாரணமாக கார்டே மோட்டாரை நிறுத்தவேண்டும், அது தவறினால் லிமிட் ஸ்விட்ச், அதற்கும் அப்பால்தான் இரும்பு ஸ்டாப்பர். மூடும் பக்கம் வேறு கதை. ஸ்டீம் குளோப் வால்வு சீட்டில் அழுந்தி உட்காரவேண்டும். டார்க் ஸ்விட்ச் (அழுத்தும் விசை அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) இருந்தால் மூடும் பக்கத்தை அது நிறுத்தட்டும். இங்கே உங்கள் ஆக்சுவேட்டர் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

மூன்று ஃபேஸ் ஆக்சுவேட்டர் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு சொல். ஒரு மில்லில் பேனலில் யாரோ இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கார்டு மூடச் சொன்னது, மோட்டார் திறக்கும் பக்கம் ஓடியது. திறக்கும் லிமிட் ஸ்விட்ச் தட்டுப்பட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அப்போது இழுத்திருந்தது மூடும் கான்டாக்டர். நான் போய்ப் பார்த்தபோது யோக் (ஆக்சுவேட்டரைத் தாங்கும் சட்டம்) வளைந்து கிடந்தது. ஆகவே முதன்முறை கரண்ட் கொடுக்கும் முன் வால்வை ஹேண்ட் வீலால் பாதிக்குக் கொண்டுவந்து, ஒரு நொடி மட்டும் தட்டி, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இனித்தான் ஸ்குரு டிரைவர். மில்லி ஆம்ப் கொடுக்க லூப் கேலிபரேட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் டெம்பரேச்சர் கன்ட்ரோலரையே மேனுவலில் போட்டு அவுட்புட்டை 0, 50, 100 சதவீதம் என்று வையுங்கள். மல்டிமீட்டரை சீரிஸில் சேர்த்து 4.00, 12.00, 20.00 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 0 சதவீதத்துக்கு 4-க்குப் பதிலாக 4.3 வந்தால் குற்றம் கன்ட்ரோலர் பக்கம்.

4 கொடுத்து ஜீரோவைத் திருப்பி ஸ்டெம்மைக் கீழ்க்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். 20 கொடுத்து, மேல்முனையைச் சரிசெய்யும் ஸ்பான் ஸ்குருவால் மேல்கோட்டுக்கு. இப்போது மறுபடி 4 கொடுத்தால் கீழே கொஞ்சம் விலகியிருக்கும். உங்களைக் குழப்பியது இதுதான். பெரும்பாலான அனலாக் கார்டுகளில் ஜீரோவும் ஸ்பானும் ஒன்றையொன்று இழுக்கும், அது பழுதல்ல. மாறி மாறி மூன்று நான்கு தடவை செய்தால் விலகல் குறைந்துகொண்டே வந்து அடங்கிவிடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அப்புறம் 8, 12, 16 கொடுத்து 5, 10, 15 மி.மீ. வருகிறதா என்று ஏறும்போதும் இறங்கும்போதும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது 10, இறங்கும்போது 10.6 என்றால் பாட் பல்சக்கரம் லூஸாக இருக்கலாம்.

அடுத்தது வால்வு முன்னும் பின்னும் ஆடுவதும் மோட்டார் சூடாவதும். 12 மில்லி ஆம்பை நிலையாகக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். வால்வு அசையாமல் நின்றால் கார்டிலும் பாட்டிலும் குறை இல்லை. ஆட்டோவில் போட்டால் மட்டும் ஆடுகிறது என்றால் கன்ட்ரோலரின் கெயின் (சின்ன மாற்றத்துக்கும் அது காட்டும் பதிலின் அளவு) அதிகம், அங்கே குறையுங்கள். நிலையான 12-க்கே ஆடினால்தான் டெட்பேண்ட் ஸ்குரு. டெட்பேண்ட் என்பது கார்டு கண்டுகொள்ளாமல் மோட்டாரை நிறுத்தி வைக்கும் சின்ன வித்தியாசத்தின் அளவு.

கணக்கு எளிது. முழு ஸ்ட்ரோக்குக்கு 40 நொடி என்றால் ஸ்டெம் நொடிக்கு அரை மி.மீ. நகர்கிறது. கரண்ட் நின்றபின் மோட்டார் 0.4 நொடி தானாக உருண்டால் 0.2 மி.மீ. தாண்டிவிடும், அதாவது ஸ்ட்ரோக்கில் 1 சதவீதம். டெட்பேண்டின் மொத்த அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் வால்வு இந்தப் பக்கம் தாண்டும், கார்டு திருப்பி இழுக்கும், அந்தப் பக்கம் தாண்டும். இதற்கு ஓய்வே இல்லை. ஆக்சுவேட்டரின் பிளேட்டில் எஸ்4 (விட்டுவிட்டு ஓடும் வகை), 25 சதவீதம் என்று போட்டிருந்தால் கால்வாசி நேரம்தான் ஓடலாம் என்று அர்த்தம். ஓயாமல் ஓடினால் சூடாகிக் கட் ஆகத்தான் செய்யும். டெட்பேண்டை அகலமாக்கி ஆட்டத்தை நிறுத்துங்கள், பிறகு மெல்லக் குறையுங்கள், ஆட ஆரம்பிக்கும் இடம் தெரிந்ததும் அங்கிருந்து கொஞ்சம் அகலமாக்கி விட்டுவிடுங்கள். டிரையருக்கு 2 சதவீதம் தாராளம். மாவின் ஈரத்தை அரை சதவீத வால்வு அசைவு கெடுக்காது, ஓயாமல் ஆடும் வால்வுதான் கெடுக்கும்.

ஸ்டீம் விட்டு லைன் நன்றாகச் சூடானதும் 4 கொடுத்து ஒருமுறை பாருங்கள். சூட்டில் ஸ்டெம் நீளும், ஜீரோ லேசாக மாறியிருக்கும்.

பழைய பாட் ஏன் தேய்ந்தது என்பதையும் யோசியுங்கள். ஓயாத ஆட்டம் ஒரு காரணம். ஸ்டார்ச் மில்லில் இன்னொன்று, கேபிள் கிளாண்ட் வழியாக உள்ளே போகும் மாவுத்தூள். ஆவி பட்டால் அது பசையாகப் பிடித்துக்கொள்கிறது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் தண்ணீர் லைனில் பனிமூட்டத்தால் பாட் முழுக்கப் பச்சை பூத்திருந்ததைப் பார்த்தேன். உள்ளே இருந்த சின்ன ஹீட்டரை யாரோ கழற்றி விட்டிருந்தார்கள். உங்கள் கவரில் ரப்பர் ரிங் இருக்கிறதா, ஹீட்டர் இருந்தால் சூடாகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீராவிட்டால் கார்டையே சோதிக்கலாம். கரண்டை நிறுத்திவிட்டு மோட்டார் ஒயர்களைக் கழற்றி, திறக்கும் பக்கம் ஒன்றும் மூடும் பக்கம் ஒன்றுமாக இரண்டு 40 வாட் குண்டு பல்பு மாட்டுங்கள். எல்.இ.டி. பல்பு வேண்டாம், கார்டின் ட்ரையாக் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்) கசிவுக்கே மினுக்கும். பாட்டுக்குப் பதிலாக ரேடியோ ஸ்பேர் கடையில் கிடைக்கும் 1 கிலோ ஓம் பாட் ஒன்றை இணையுங்கள். பிறகு கரண்டைப் போட்டு, 12 மில்லி ஆம்ப் கொடுத்துப் பாட்டின் பிளாஸ்டிக் குமிழை மட்டும் பிடித்துத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பினால் ஒரு பல்பு, மறுபக்கம் திருப்பினால் மற்றது, நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் அணைந்து நிற்கவேண்டும். அப்படி நின்றால் உங்கள் கார்டு நல்ல கார்டு. புதுசு வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.