எருசலேம் ஆலயத்தில் வாசல்காவலாளரின் வேலை கதவு திறப்பது மட்டும்தானா?

"வாசல்காவலாளர் என்று பழைய ஏற்பாட்டில் அடிக்கடி வருகிறது. கதவைத் திறந்து மூடுவதைத் தவிர ஆலய வழிபாட்டில் அவர்களுக்கு வேறு என்ன பங்கு?" என்பது கேள்வி.

84ஆம் சங்கீதத்தில் "ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதை" விரும்புவதாக ஒரு வரி வரும். சிறுவயதில் மனப்பாடம் செய்தது. உள்ளே இடம் இல்லாவிட்டாலும் வாசற்படியாவது கிடைக்கட்டும் என்று ஒருவர் தாழ்மையோடு கேட்பதாகத்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பழைய ஏற்பாட்டின் நாளாகமப் புத்தகங்களைப் பொறுமையாகப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. அந்த வாசற்படி சாதாரண இடம் இல்லை.

பெயர்ப் பட்டியல் என்று பலரும் தாண்டிப்போகிற 1 நாளாகமம் 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 212 வாசல்காவலாளர், அவர்களுக்கு நான்கு தலைவர்கள். கிராமங்களில் இருந்த உறவினர் ஏழு நாளுக்கு ஒருமுறை முறை மாறி வந்து சேருவார்கள். காலைதோறும் கதவுகளைத் திறக்கவேண்டும் என்பதால் தலைவர்கள் ஆலயத்தைச் சுற்றியே இரவில் தங்கினார்கள். அறைகளும் பொக்கிஷமும் அவர்கள் பொறுப்பு. பணிமுட்டுகளை, அதாவது வழிபாட்டுப் பாத்திரங்களை, எண்ணி உள்ளே கொண்டுபோய் எண்ணி வெளியே கொண்டுவரவேண்டும். மாவு, திராட்சரசம், எண்ணெய், சாம்பிராணி எல்லாவற்றுக்கும் இவர்களிடையே பொறுப்பாளர்கள் இருந்தார்கள். பலியிடுவது ஆசாரியரின் வேலை என்றாலும், அதற்கு வேண்டிய பொருள் இவர்கள் காவலைத் தாண்டித்தான் போனது. தீட்டுள்ள யாரும் நுழையாதபடி ஆசாரியன் யோய்தா வாசல்களில் காவலாளரை நிறுத்தியதாக 2 நாளாகமம் 23 சொல்கிறது.

எந்த வாசல் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் தீர்மானித்தார்கள். சிறியவர் பெரியவர் என்ற வித்தியாசம் அதில் பார்க்கப்படவில்லை. கிழக்கு வாசல் செலேமியாவுக்கு விழுந்தது. ஆலயம் கிழக்கு நோக்கியது, அதனால் அங்கே ஆறு பேர். வடக்கிலும் தெற்கிலும் நான்கு நான்கு பேர். தெற்கு வாசல் கிடைத்தது ஓபேத்ஏதோமுக்கு. பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி மூன்று மாதம் ஓர் ஓபேத்ஏதோமின் வீட்டில் இருந்தது என்று 2 சாமுவேல் சொல்லும். வாசல் காத்தவரைப் பற்றியும் "தேவன் அவனை ஆசீர்வதித்திருந்தார்" என்றே நாளாகமம் எழுதுவதால், இருவரும் ஒருவரே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆலயம் அழிந்த பிறகு கட்டப்பட்ட இரண்டாம் ஆலயத்தின் இரவுக் காவலைப் பற்றி, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பேசுகிறது. 24 இடங்களில் காவல். 3 இடங்களில் ஆசாரியர், 21 இடங்களில் லேவியர், அதாவது ஆலயப் பணியில் ஆசாரியருக்கு உதவிய லேவி கோத்திரத்தார். ஆலய மலையின் அதிகாரி தீவட்டி வெளிச்சத்தில் சுற்றி வருவார். காவலாளர் எழுந்து நிற்காவிட்டால் "உனக்குச் சமாதானம்" என்பார். தூங்குகிறார் என்று தெரிந்தால் கோலால் அடிப்பார். உடுப்பைக் கொளுத்தவும் அவருக்கு அனுமதி உண்டு. தன் தாய்மாமனே அப்படி அகப்பட்டு உடுப்பு எரிந்தது என்று ரபி எலியேசர் பென் யாக்கோபு சொன்னதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் காவலின் கண்டிப்பு எனக்கு உறைத்தது இந்தத் தாய்மாமன் செய்தியைப் படித்தபோதுதான்.

மிஷ்னாவை விளக்கும் தல்மூதில் இன்னொரு சம்பவம். யோசுவா பென் அனனியா லேவியரில் பாடகர். கதவு அடைக்க உதவலாம் என்று வாசல் காக்கும் லேவியரான யோகனான் பென் குத்கதாவிடம் போகிறார். "திரும்பிப் போ மகனே, நீ பாடகர் கூட்டம், வாசல் காப்பவர் கூட்டம் இல்லை" என்று அவர் அனுப்பிவிடுகிறார். உதவ வந்த லேவியனுக்கே அந்தக் கதவில் கை வைக்க உரிமை கிடையாது.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது கோராகின் வம்சம். ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்று மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக எழும்பி அழிந்த லேவியன் கோராகு. அவன் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் 26 ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. வாசல்காவலாளரின் தலைவன் சல்லூம் அந்த வம்சத்தான். எல்லையை மீறப்போய் முன்னோர் மாண்டார். அதே எல்லையைக் காக்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு வந்தது. நான் மனப்பாடம் செய்த சங்கீதத்தின் தலைப்பில் இருப்பதும் கோராகின் புத்திரர்தான். வாசற்படியின் அருமை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தை எரித்தபோது பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றவர்களில் வாசல் காத்த மூவரும் உண்டு. பிறகு, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் கணக்கை எஸ்றா 2ஆம் அதிகாரம் தருகிறது. லேவியர் 74 பேர், பாடகர் 128 பேர், வாசல்காவலாளர் 139 பேர். காக்க ஒரு வாசல்கூட இல்லாத ஊருக்குத்தான் அந்த 139 பேரும் திரும்பி வந்தார்கள்.