கச்சேரி மேடையும் சிகரெட் புகையும்: கேள்வி பதில்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மைக் செட் சத்தம்தான். கச்சேரி நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் பிடிக்கலாமா, தடுப்பது யார் வேலை என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்னிசைக் கச்சேரியோ வள்ளி திருமண நாடகமோ, விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஆளும்கூட. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலூர் பக்கம், விழாக் கமிட்டிக்காரர்: எங்கள் ஊர்ப் பொங்கலுக்குத் திறந்த மைதானத்தில் ஆர்கெஸ்ட்ரா வைக்கிறோம். கூரையே இல்லாத இடத்துக்கும் தடை உண்டா, அண்ணே?

உண்டு. எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். 2003-இல் வந்த புகையிலைச் சட்டம், அதாவது கோட்பா சட்டம், பொது இடங்களில் புகை பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, திறந்தவெளி அதில் சேராது என்றும் சொன்னது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதிகள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டன. திறந்தவெளி அரங்கம், ஸ்டேடியம், ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு போல மக்கள் வந்துபோகிற இடங்களைத் திறந்தவெளி என்று சொல்லித் தப்ப முடியாது.

உங்கள் ஊர் மைதானம் வருஷம் முழுக்க மாடு மேயும் இடமாக இருக்கலாம். மேடை போட்டு, நாற்காலி போட்டு, ஊரைக் கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அது அரங்கம்தான். நான் பணியில் இருந்திருந்தால் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். கண்மாய்க் கரையில் தள்ளி நின்று பிடிப்பவரைப் பற்றி வேண்டுமானால் வாதாடலாம். அதனால் சீரியல் லைட் கட்டியிருக்கிற எல்லையையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே கூடாது, வெளியே அவரவர் பாடு.

தெப்பக்குளம், மண்டப மேலாளர்: போர்டு வைத்தால் எங்கள் பொறுப்பு முடிந்ததா?

முடியாது, ஆனால் போர்டு இல்லாமல் தொடங்கவே முடியாது. வெள்ளைப் பின்னணியில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவு. சிவப்பு வட்டத்துக்குள் சிகரெட் அல்லது பீடி படம், அதன் குறுக்கே சிவப்புப் பட்டை. இங்கே புகை பிடிப்பது குற்றம் என்ற வாசகம். வாசலில் ஒன்று, மாடி இருந்தால் மாடிக்கு ஒன்று, படிக்கட்டு, லிஃப்ட் பக்கமும் வேண்டும். புகார் சொல்ல வேண்டிய ஆளின் பெயரும் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். பல மண்டபங்களில் போர்டு இருக்கும், அந்த இடம் மட்டும் காலியாக இருக்கும்.

அடுத்தது ஆஷ்ட்ரே. தீப்பெட்டி, லைட்டர், ஆஷ்ட்ரே எதையும் உள்ளே வைத்துக்கொடுக்கக் கூடாது. மணமகன் அறையில் பழைய ஆஷ்ட்ரே கிடந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். புகார் வந்தும் நீங்கள் கண்டுகொள்ளவில்லை என்றால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் உரிமையாளர் அல்லது பொறுப்பாளர் தலையில் விழும். இசை நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விட்டேன், எனக்கென்ன என்று சொல்ல இடமில்லை. வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

திருமங்கலம்: அபராதம் 200 ரூபாய்தானாமே சார். கச்சேரிக்கு வருகிறவன் பாக்கெட் சிகரெட்டுக்கே அதற்கு மேல் செலவழிக்கிறான். யார் பயப்படுவார்கள்?

யாரும் பயப்பட மாட்டார்கள், சரிதான். 2003-இல் போட்ட 200 ரூபாய் உச்சவரம்பு அப்படியே நிற்கிறது. அன்றைக்கு அது ஒரு நாள் கூலியைவிட அதிகம்; இன்றைக்கு ஒரு பிரியாணிக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். கூட்டத்தில் நுழைந்து ரசீது கிழிப்பதால் பெரிய பலன் இல்லை என்பது என் எண்ணம். ஒருவனுக்கு எழுதி முடிப்பதற்குள் பத்துப் பேர் பின்னால் போய்ப் பற்ற வைப்பார்கள்.

பலன் தருவது நடத்துகிறவர்கள் முன்கூட்டியே சொல்வதுதான். அதுவும் சொல்கிற விதத்தில் இருக்கிறது. 'புகை பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று மைக்கில் மிரட்டினால் பின் வரிசையிலிருந்து விசில்தான் வரும். அதையே ஊர்ப் பெரியவர் ஒருவர், 'தாய்மார்கள், கைப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்காங்கப்பா, பிடிக்கிறவங்க அந்தத் தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் போயிருங்க' என்றால் எழுந்து போவார்கள். இடத்தைக் காட்டிச் சொல்வது முக்கியம். போக இடமில்லாமல் போகச் சொன்னால் யார் போவார்? முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, இடையில் கலைஞர்களுக்கு டீ கொடுக்கும்போது ஒரு தடவை போதும். இளவட்டப் பையன்களைச் சட்டை போட்டு வாலண்டியராக நிறுத்துவதைவிட, அவர்களில் புகை பிடிக்கிற ஒருவனையே அந்தப் பொறுப்பில் போட்டால் வேலை நடக்கும். அவனுக்குத்தான் எல்லோரையும் தெரியும்!

சோழவந்தான், நாதஸ்வரக் கலைஞர்: எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை ஐயா. ஆனால் வாசிக்கப் போகிற இடமெல்லாம் புகை. என்னைப் பாதிக்குமா?

பாதிக்கும் ஐயா. அடுத்தவர் விடும் புகை, பிடிக்காதவருக்கும் இதய நோயையும் நுரையீரல் புற்றுநோயையும் தரும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்ட விஷயம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது. அதிலும் காற்று வாத்தியக்காரர் நிலைமை வேறு. ரசிகர் மேலோட்டமாக மூச்சு விடுகிறார். நீங்கள் நெஞ்சு நிறைய இழுத்தால்தான் ராகம் நீளும். ரசிகர் ஒரு ராத்திரி வந்துவிட்டுப் போகிறார். உங்களுக்கு முகூர்த்த மாதம் முழுக்க அதுதான் வேலை.

இங்கிலாந்தில் ராய் காசில் என்று ஒரு டிரம்பெட் கலைஞர், தொலைக்காட்சியிலும் பெயர் பெற்றவர். சிகரெட்டே பிடிக்காதவர். நுரையீரல் புற்றுநோயில் 1994-இல் இறந்தார். புகை மண்டிய ஜாஸ் கிளப்புகளில் வருடக்கணக்காக வாசித்ததுதான் காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அங்கே இந்தப் பேச்சு சூடு பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அயர்லாந்து 2004 மார்ச்சில் மதுக்கூடங்கள் உட்பட எல்லா வேலை இடங்களிலும் தடை கொண்டுவந்தது. ஸ்காட்லாந்து 2006-இலும் இங்கிலாந்து 2007-இலும் பின்தொடர்ந்தன. ஸ்காட்லாந்தில் தடை வந்து இரண்டே மாதத்தில் அங்குள்ள மதுக்கூட ஊழியர்களின் மூச்சுத் திறனைச் சோதித்துப் பார்த்தார்கள். இருமல், மூச்சுத் திணறல் குறைந்திருந்தது, நுரையீரல் அளவீடுகளும் தேறியிருந்தன. புகை நின்றால் உடம்பு சீக்கிரமே திரும்பிக்கொள்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001-லேயே அரங்கங்களில் புகை பிடிக்கத் தடை போட்டுவிட்டது. அந்த வகையில் நாம் முந்திக்கொண்டவர்கள்தான். நடைமுறையைப் பற்றிக் கேட்காதீர்கள். அடுத்த தடவை அட்வான்ஸ் வாங்கும்போதே, மேடைக்குப் பக்கத்தில் யாரும் பிடிக்கக் கூடாது என்று சொல்லி வாங்குங்கள். வாசிக்கிறவர் கேட்டால் மறுக்கிற வீட்டார் குறைவு.

மதுரை, கீபோர்டு வாசிப்பவர்: எங்கள் குழுவிலேயே மூன்று பேர் பிடிக்கிறார்கள். ஒத்திகை அறை ஜன்னல் இல்லாத ஏசி அறை.

2008 விதிகளின்படி வேலை பார்க்கும் இடமும் பொது இடம்தான். ஒத்திகை அறை உங்கள் வேலை இடம். ஏசி புகையை வெளியேற்றாது, அதே காற்றைக் குளிர வைத்துத் திருப்பி விடும். குழுத் தலைவரிடம் பேசுங்கள், தம்பி. பாடகிகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள், சீக்கிரம் நடக்கும்.

உசிலம்பட்டி: நாடகத்தில் பபூன் பீடியோடு மேடைக்கு வருவாரே, அது நடிப்புதானே?

நடிப்பென்று நம் சட்டத்தில் தனி விலக்கு இல்லை. இங்கிலாந்தில், கதைக்குத் தேவைப்பட்டால் மேடையில் நடிகர் பிடிக்கலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அதுவும் கிடையாது. பபூன் பற்ற வைக்காத பீடியைக் காதில் சொருகிக்கொண்டு வந்தாலே சிரிப்பு வந்துவிடும். பற்ற வைத்துத்தான் சிரிக்க வைக்க வேண்டும் என்றால் ஆளை மாற்றுங்கள்.

வாடிப்பட்டி: மேடையில் மெஷின் வைத்துப் புகை விடுகிறார்களே, அதை ஏன் தடுக்கவில்லை?

அது புகையிலைப் புகை இல்லை. தண்ணீரோடு கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த திரவத்தைச் சூடாக்கி வருகிற மூடுபனி. தரையோடு தவழ்வது உலர் பனிக்கட்டியிலிருந்து வரும் குளிர்ந்த கரியமில வாயுவும் அதோடு சேர்ந்த நீர்த்துளி மூட்டமும். இரண்டும் இந்தச் சட்டத்தில் வராது. ஆனாலும் தொடர்ந்து விட்டால் பாடுகிறவர் தொண்டை வறண்டு கரகரக்கும். மூடிய ஹாலில் உலர் பனிக்கட்டியை அளவில்லாமல் போடுவது ஆபத்து. ஒரு பாட்டுக்கு விட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

அண்ணா நகர்: ஹோட்டல் பாரில் வார இறுதியில் பாட்டுக்குழு வைக்கிறோம். தனி அறை அமைக்கலாமா?

குறைந்தது 30 அறை உள்ள ஹோட்டல், குறைந்தது 30 பேர் அமரும் உணவகம் என்றால் அமைக்கலாம். பார், டிஸ்கோ எல்லாமே உணவகக் கணக்கில்தான் வரும். நாலு பக்கமும் கூரை வரை சுவர், தானாக மூடும் கதவு, உள்காற்று நேராக வெளியே போகிற ஏற்பாடு வேண்டும். வாசலை ஒட்டி இருக்கக் கூடாது. முக்கியமாக, 2017-இல் வந்த திருத்தப்படி அந்த அறைக்குள் எதுவும் பரிமாறக் கூடாது. ஆகவே பாட்டுக்குழுவின் எதிரே நாலு மேஜையைப் பிரித்து 'ஸ்மோக்கிங்' என்று எழுதி வைப்பது செல்லாது.

ஒரு கல்லூரி மாணவர்: வேப் பிடித்தால் புகையே இல்லையே?

இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாவற்றையும் 2019 சட்டம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. விற்கிறவனுக்கு முதல் தடவையே ஓராண்டு சிறை வரை உண்டு. எங்கே வாங்கினாய் என்று கேட்டால் என்ன சொல்வாய், தம்பி?

அலங்காநல்லூர், குழந்தையின் தாய்: என் மகனுக்கு வீசிங் இருக்கிறது. கச்சேரி பார்க்க ஆசைப்படுகிறான். எங்கே உட்காருவது?

அழைத்துப் போங்கள், அம்மா. திறந்த இடத்தில் புகை சீக்கிரம் கலைந்துவிடும். பிடிப்பவரை விட்டு ஏழெட்டு அடி தள்ளினாலே பெரிய வித்தியாசம் தெரியும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதென்று கொடித் தோரணத்தைப் பார்த்தால் தெரியும், அந்தப் பக்கமாக உட்காருங்கள். பெட்டிக்கடை, ஜெனரேட்டர் பக்கம் வேண்டாம். ஜெனரேட்டர் புகையும் வீசிங்குக்கு ஆகாது. டாக்டர் கொடுத்த இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். சாமிக்கு வாண வேடிக்கை விடும் நேரத்தில் மட்டும் வெளியே வந்துவிடுங்கள்.

பேரையூர்: பள்ளிக்கூட மைதானத்தில்தான் எங்கள் ஊர்க் கச்சேரி. வாசலில் கடை போட்டுச் சிகரெட் விற்கிறார்கள், பத்தாவது படிக்கிற பையன்களுக்கும்.

இரண்டு குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 100 கெஜம் என்பது ஏறக்குறைய 91 மீட்டர். திருவிழாக் கடை ஏலம் விடும்போதே கமிட்டி இதைச் சொல்லிவிட்டால் போலீஸ் வரை போகத் தேவையில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: பகலில் தாங்கிவிடுகிறேன். கச்சேரி ராத்திரிகளில்தான் விட முடியவில்லை.

கண் விழிப்பு, டீ, பழைய சேக்காளிகள் மூன்றும் ஒன்றாகச் சேருகிற இடம் அது. அந்த உந்துதல் வந்தால் சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நேரத்தில் இடத்தை விட்டு எழுந்து மேடைக்கு முன்னால் போய்விடுங்கள். பெண்களும் குழந்தைகளும் இருக்கிற வரிசையில் யாரும் உங்களுக்குத் தீப்பெட்டி நீட்ட மாட்டார்கள். டீக்குப் பதில் சுக்குக் காப்பி குடியுங்கள், டீ வந்தால் கை தானாகச் சட்டைப் பையைத் தேடும். தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800 11 2356, கட்டணம் இல்லை. ராத்திரி கச்சேரிக்குப் போகிற அன்று பகலிலேயே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.