தினமலர் 1954 இதழை எங்கே தேடுவது?

கேள்வி: குமரி விடுதலைப் போராட்டத்தில் என் தாத்தா கைதானார். அந்தச் செய்தி அப்போதே தினமலரில் அவர் பெயரோடு வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். மதுரைப் பதிப்பின் பழைய இதழ்களை விசாரித்தேன், 1954 இல்லை என்கிறார்கள். வேறு எங்கே கேட்பது? கையில் இருப்பது ‘1129 ஆடி’ என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் மட்டும்தான்.

பதில்: மதுரையில் இல்லை என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். தினமலரின் மதுரைப் பதிப்பு 1980இல்தான் வந்தது. நீங்கள் தேடும் காலத்தில் அந்தப் பத்திரிகை அச்சானது திருவனந்தபுரத்தில்.

டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6 அன்று அங்கேதான் தினமலரைத் தொடங்கினார். அவர் நாகர்கோவில்காரர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்துக்குப் பத்திரிகை வெளிப்படையாகத் துணை நின்றது. எதிர்த்த அரசின் தலைநகரிலேயே அச்சடித்துக்கொண்டு அப்படி எழுதியது சாதாரண காரியமில்லை. நாகர்கோவிலுக்கு அப்போது ரயிலும் கிடையாது, பத்திரிகைக் கட்டுகள் சாலை வழியாகத்தான் தெற்கே போக வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று அந்தத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வாசகர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிட, பத்திரிகையும் 1957இல் திருநெல்வேலிக்கு மாறியது. 1966இல் திருச்சி, 1979இல் சென்னை, மறு வருடம் மதுரை. போராட்டம் நடந்த நாகர்கோவிலுக்கே தனிப் பதிப்பு 1996இல்தான் கிடைத்தது! தமிழ் நாளிதழ்க் குழுமங்கள் பலவும் இப்படி ஊர் ஊராக அச்சகம் போட்டு வளர்ந்தவைதான். தினத்தந்தி 1942இல் மதுரையில் பிறந்தது. விடிவதற்குள் வாசகர் வாசலுக்குப் போக வேண்டிய சரக்கை ஒரே ஊரில் அச்சடித்து மாநிலம் முழுக்க அனுப்ப முடியாது. ஆகவே பழைய இதழ் தேடுகிறவர்கள் இன்று பெரிதாக இருக்கும் பதிப்பைக் கேட்காமல், அன்றைக்கு எங்கே அச்சானது என்று பார்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்து தேதி. உங்கள் காகிதத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது திருவிதாங்கூர்ப் பக்கம் வழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு. 1129 ஆடி என்றால் 1954 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. இந்த மாதக் கணக்கில் ரொம்பக் கவனமாக இருங்கள். கொல்லம் வருடம் ஆவணியில் பிறக்கிறது, அதனால் அதே ஆகஸ்டின் பின்பாதி 1130 ஆகிவிடும். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது ஆகஸ்ட் 11, அதாவது ஆடிக் கடைசி. தாத்தா கைதானது அந்த நாட்களில் என்றால் 12ஆம் தேதியிலிருந்து ஒரு வாரத்து இதழ்களை விடாமல் பாருங்கள். கைதானவர்களின் பெயர்கள் மறுநாளே வந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்கே கேட்பது? முதலில் திருவனந்தபுரம்: அங்குள்ள மாநில மத்திய நூலகமும் கேரள அரசு ஆவணக் காப்பகமும். காப்பகத்தில் பத்திரிகையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அந்த மாதங்களின் போலீஸ், உள்துறைக் கோப்புகளையும் கேளுங்கள். எனக்கு நம்பிக்கை அதிகம் அந்தக் கோப்புகளின் மேல்தான். அப்புறம் சென்னையில் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கன்னிமாரா போன்ற நூலகங்களுக்கு நாளிதழ்களும் கட்டாயமாக அனுப்பப்பட வேண்டும் என்ற விதி 1956இல்தான் வந்தது. அதற்கு முந்தைய இதழ்கள் இருந்தால் அதிர்ஷ்டம். பத்திரிகை அலுவலகத்துக்கும் எழுதிப் பார்க்கலாம். ‘1954இல் ஏதோ ஒரு நாள்’ என்று எழுதினால் பதில் வராது. ஐந்தாறு தேதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இதழ் கிடைத்தால் செய்தியை மட்டும் படம் எடுக்காமல், முதல் பக்கத்தின் தலைப்பை மலர், இதழ் எண்ணோடு எடுங்கள். எந்த ஊரில், யார் அச்சிட்டு வெளியிட்டது என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் எடுங்கள். அது இல்லாமல் வெறும் கத்தரிப்பைக் காட்டினால் எந்த அலுவலகமும் அதை ஆதாரமாக ஏற்கத் தயங்கும். அந்தக் காலத்துத் தாள் மடித்தால் உடையும், ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டாம், கேமராவே போதும்.

தினமலர் இந்த விஷயத்தில் ஒரு பக்கம் நின்ற பத்திரிகை என்பதால், அதே வாரத்துக் கேரள கௌமுதி என்ற மலையாள நாளிதழையும் பார்த்துவிடுங்கள். மலையாளம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாத்தாவின் பெயர் அங்கே வேறு எழுத்துக்கூட்டலில், ஊர்ப்பெயரோ வீட்டுப்பெயரோ முன்னால் சேர்ந்து இருக்கலாம்.