மாமூல் நோட்டை எழுதும் காவலர் யாரிடம் சொல்வது?

கேள்வி: தென்மாவட்டக் காவல் நிலையம் ஒன்றில் ரைட்டருக்கு உதவியாக இருக்கிறேன். மணல் லாரிகள் தரும் மாமூலை வண்டி எண் வாரியாக ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் இன்ஸ்பெக்டர். பணம் என் கைக்கு வருவதில்லை. பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்க முடியுமா? பத்திரிகைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரின் யோசனையை முதலில் விடுங்கள். காவலர்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் பத்திரிகையைத் தொடர்புகொண்டால் இரண்டாண்டு வரை சிறை. இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறுவதற்கு முன்பே நீங்கள் ஏறவேண்டிவரும்.

ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்குத்தான் வரவில்லை. நெடுஞ்சாலைத் திட்ட ஊழலை வெளிப்படுத்திய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு எழுந்த கொந்தளிப்பில், 2004-இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார்தாரரின் பெயரைக் காக்க வேண்டும். அது மத்திய அரசு ஊழியர்கள் பற்றிய புகார்களுக்கு மட்டும். மாநிலக் காவலரான நீங்கள் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

உள்ளேயே தனிப்பிரிவுக் காவலர் இருக்கிறாரே, எஸ்.பி.க்கு நேரடியாகத் தகவல் சொல்பவர் என்பீர்கள். அவரும் உங்கள் நிலையத்திலேயே டீ குடிப்பவர். முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனு போட்டாலும் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்) அது 'உரிய நடவடிக்கைக்கு' என்று படிப்படியாக இறங்கி, யார் மேல் புகாரோ அவர் மேசைக்கே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சுவது லஞ்ச ஒழிப்புத் துறை. 1064 என்ற எண் இருக்கிறது. ஆனாலும் உங்கள் விஷயத்துக்கு நேரில் போவதே நல்லது, அதுவும் சென்னைத் தலைமையகத்துக்கு. அங்கிருப்பவர்களும் காவல்துறையிலிருந்து வந்தவர்கள்தான் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது: சாட்சியச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 131. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவும், நம்பிக்கையில் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தை மறுக்க இடம் தருகிறது.

சட்டம் பெயரை மறைத்தாலும் உங்கள் மனுவே உங்களைக் காட்டிக்கொடுக்கும். நோட்டு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்ஸ்பெக்டர், ரைட்டர், நீங்கள். 'நோட்டில் இத்தனாவது பக்கம்' என்று எழுதினால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலத்தான். லாரிகள் எந்தச் சாலையில், எந்த நேரத்தில், யாரிடம் பணம் தருகின்றன என்பதை எழுத்தில் கொடுங்கள். அது சாலையோர டீக்கடைக்காரருக்கும் தெரிந்த செய்தி. நோட்டைப் பற்றி விசாரணை அதிகாரியிடம் வாய்மொழியாக மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டில் இருப்பது உங்கள் கையால் எழுதிய எழுத்து. சோதனையில் அது சிக்கினால், லஞ்சத்துக்கு உடந்தை என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் உங்களையும் சேர்க்க முடியும். பணம் வாங்கவில்லை என்பது மட்டும் போதாது. முதலில் போய்ச் சொன்னவர் என்பதுதான் உங்களுக்குப் பலம்; சிறப்பு நீதிபதி மன்னிப்பு வழங்கி உங்களைச் சாட்சியாக்கவும் அதே சட்டத்தின் 5(2) பிரிவு வழி வைத்திருக்கிறது. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒரு தாளைக்கூடக் கிழிக்காதீர்கள். அது இருக்கும் இடத்தில் சோதனையில் சிக்கினால்தான் மதிப்பு.

சந்தேகம் வந்தால் ஆயுதப்படைக்கு மாற்றலும் மெமோவும் பின்னாலேயே வரும். தண்டனைக்குப் பதிலாக மாற்றல் போடுவது செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். 2020-இல் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சாத்தான்குளம் வழக்கில் சக காவலர்களுக்கு எதிராக வாக்குமூலம் தந்த பெண் தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னதும் அதே மதுரைக் கிளைதான். அவர் முதலில் கையெழுத்திடவே தயங்கினார்.

இனி அந்த நோட்டில் எழுதுவதா? எழுதினால் குற்றம் கூடும், மறுத்தால் சந்தேகம் வரும். ஈட்டிய விடுப்பு இருந்தால் இந்த வாரமே எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விடுங்கள். போகும் முன், உங்கள் கையால் எழுதிய முதல் தேதியையும் கடைசித் தேதியையும் ஒரு வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.