ஆட்டின் ரேஷன் கார்டு

வணக்கம் ஐயா,

நான் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. இந்தக் கோடை விடுமுறையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மூன்று நாள் கதை எழுதும் பயிற்சி நடத்த நினைக்கிறேன். முன்னோட்டமாக ஒரு சனிக்கிழமை முப்பது பிள்ளைகளை உட்காரவைத்து, “உங்களுக்குப் பிடித்த கதை ஒன்றை எழுதுங்கள்” என்றேன். கிட்டத்தட்ட எல்லோருமே ராஜா, சிங்கம், பேராசைக்காரன் என்று எழுதி, கடைசி வரியில் ‘நீதி’யும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பையன் தாளில் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், அப்பா குடித்துவிட்டு வந்த ஓர் இரவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். கற்பனையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டுமா? ஹெச்.எம். கடைசி நாளில் மூன்று பரிசு கொடுத்து, நல்ல கதைகளை மட்டும் புத்தகமாகப் போடலாம் என்கிறார். உங்கள் யோசனை வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் விட்டிருக்கிறேன்.)

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த ராஜா கதைகள். பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று அதை வைத்து நினைத்துவிடாதீர்கள். ‘குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக’ என்று தமிழ்த் தேர்வில் கேட்கிறோம். காகம், தாகம், பானை, கூழாங்கல் என்று நாமே எலும்புக்கூட்டைக் கொடுத்து, கடைசியில் நீதி எழுதினால்தான் முழு மதிப்பெண் என்கிறோம். கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. பள்ளிக்கூடத்தில் ஒருவர் ‘கதை எழுது’ என்று சொன்னால் அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பிள்ளைகள் சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் நீங்கள் ‘பிடித்த கதை’ என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்த கதை என்றால் ஏற்கெனவே கேட்ட கதைதானே? கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும்.

ராஜாவைத் துரத்த வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். குஜராத்தில் பாவ்நகரில் குழந்தைகளுக்கான பள்ளியை நடத்திய கிஜுபாய் பதேகா, ஓர் ஆசிரியரின் சோதனை முயற்சியைக் கதைபோலச் சொல்லும் நூல் ஒன்றை 1930-களின் தொடக்கத்தில் எழுதினார். அதில் வரும் ஆசிரியர் அடங்காத வகுப்பைத் தன் பக்கம் திருப்புவது கதை சொல்லித்தான். உங்கள் முதல் நாள் காலையும் அப்படியே தொடங்கட்டும். ஒரு தாளையும் வெளியே எடுக்க வேண்டாம். உங்கள் பாட்டி சொன்ன கதை ஒன்று இருக்கும், அதைச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கதை கேட்காத பிள்ளையிடம் கதை கேட்பது நியாயமில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அது பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்பதுதான். மானாவாரிப் பக்கம் ஓர் ஊரில் நான் நடத்திய பயிற்சியில், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: ‘எங்கள் வீட்டில் ஆடு உள்ளது. ஆடு நான்கு கால் உள்ள விலங்கு. ஆடு நமக்குப் பால் தருகிறது.’ பக்கத்தில் உட்கார்ந்து, “ஆடு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“முந்தாநாள் குட்டி போட்டுச்சு. ரெண்டு.”

“அப்புறம்?”

“ஒண்ணைச் சேத்துக்கிடலை. முட்டித் தள்ளுச்சு.”

“அப்புறம்?”

“ஆச்சி தவிட்டை அள்ளி அந்தக் குட்டி மேல தூவுனாங்க. தவிட்டைத் திங்க வந்த ஆடு குட்டியையும் நக்கிருச்சு.”

“அப்ப நீ எங்க நின்னே?”

கொஞ்சம் யோசித்தான். “டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னேன். குட்டி மேல அடிக்கச் சொன்னா, ஆச்சி கண்ணுல அடிச்சுட்டேன். வஞ்சாங்க.”

டார்ச்சிலிருந்து தொடங்கி எழுதச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவன் எழுதிய முதல் இரண்டு வாக்கியம் இன்னும் என்னிடம் இருக்கிறது: ‘நான் டார்ச் பிடித்தேன். ஆடு ஒரு குட்டியை வேண்டாம் என்றது.’ இதைவிட நல்ல தொடக்கத்தை எனக்கு எழுதத் தெரியாது. வாசித்து முடித்ததும் மற்ற பிள்ளைகள் கேட்ட ஒரே கேள்வி, “குட்டி பிழைச்சுருச்சா?” நீதி என்னவென்று யாருக்கும் தோன்றவே இல்லை.

‘நீ எங்கே நின்றாய்?’ என்ற கேள்வியை உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். ஆட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை மட்டும் பார்த்த இடத்துக்கு அது கொண்டுபோகும். ரஷ்யாவில் யாஸ்னயா போல்யானா என்ற ஊரில் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய எழுத்தாளர் தல்ஸ்தோய்க்கும் இதுதான் நேர்ந்தது. கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துவது பற்றிய ஒரு பழமொழியைக் கொடுத்து, அதற்கு ஒரு கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் முடியாது என்றதும் தானே எழுதத் தொடங்கினார். அதைப் பார்த்தவர்கள் அவர் எழுதியது சரியில்லை என்று திருத்த ஆரம்பித்தார்கள். ஃபெத்கா என்ற பையன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கதையில் வருகிற ஒருவன் ஒரு பெண்ணின் உரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான் என்று அந்தப் பையன் சொன்னான். அந்த ஒரு கோட்டில் ஆளே கண்முன் வந்து நின்றுவிட்டதாகத் தல்ஸ்தோய் வியந்திருக்கிறார். யார் யாரிடம் எழுதக் கற்பது, குடியானவப் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1862-இல் அவர் கட்டுரை எழுதியதற்குக் காரணம் இந்த அனுபவம்தான்.

பெயரை மட்டும் எழுதிக் கொடுத்த பையனுக்கும் இதில் வழி இருக்கிறது. அவனைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். அவன் சொன்ன சொல்லை ஒன்றுகூட மாற்றாமல் எழுதி, அவனுக்கே வாசித்துக் காட்டுங்கள். தன் பேச்சு தாளில் நிற்பதைப் பார்த்த பிள்ளை பெரும்பாலும் பேனாவைக் கேட்டு வாங்கிவிடும். வாங்காவிட்டாலும் அது அவனுடைய கதைதான். சில பிள்ளைகளுக்குக் கதை இருக்கும், கையெழுத்து இருக்காது. எட்டாம் வகுப்பு வரை வந்தும் எழுத்துக்கூட்டத் திணறுகிறவன் என்றால் அந்தக் கவலை வேறு. அதை ஜூனில் தனியாகக் கவனியுங்கள், இந்த மூன்று நாளில் அதைக் கலக்க வேண்டாம்.

கற்பனையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். குழந்தைகளுக்கு எழுதிய இத்தாலிக்காரர் ஜான்னி ரொதாரி, ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஆசிரியர்களோடு 1972-இல் நடத்திய உரையாடல்களை வைத்து மறு ஆண்டு ஒரு நூல் எழுதினார். அதில் வரும் பயிற்சி ஒன்று நம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். ஒரு பிள்ளை கரும்பலகையின் முன்பக்கம் ஒரு சொல் எழுதும், இன்னொன்று அதைப் பார்க்காமல் பின்பக்கம் ஒரு சொல் எழுதும். இரண்டையும் சேர்த்துக் கதை. சொற்கள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். நாயும் குதிரையும் என்றால் ஒன்றும் நடக்காது, இரண்டும் விலங்கு. நாயும் அலமாரியும் என்றால் உடனே கேள்வி பிறக்கிறது. அப்புறம் அவர் அந்த இரண்டையும் வேறு வேறு விதமாக இணைக்கச் சொல்கிறார்: நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய், அலமாரியோடு வந்த நாய். நீங்கள் தமிழாசிரியை, இது வேற்றுமை உருபுப் பாடமேதான் என்பது உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். நம் கரும்பலகைகள் சுவரோடு இருப்பதால் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். ஒருமுறை எங்களுக்கு ‘ஆடு’, ‘ரேஷன் கார்டு’ என்று வந்தது. ஆட்டின் ரேஷன் கார்டு என்றதும் வகுப்பு எழுந்துவிட்டது. அதில் குடும்பத் தலைவர் யார், போட்டோ எப்படி எடுப்பார்கள், அரிசிக்குப் பதில் என்ன போடுவார்கள், கைரேகைக்கு எந்தக் காலை வைக்கும்? கேட்டதெல்லாம் பிள்ளைகள். ரேஷன் கடை வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கேள்விகள் வரும். அதனால்தான் அனுபவம் ஒரு பக்கம், கற்பனை ஒரு பக்கம் என்று நான் பிரிப்பதில்லை.

பிழை திருத்துவது பற்றி. எழுதிக்கொண்டிருக்கும்போது சிவப்புப் பேனா கூடவே கூடாது. ‘புலி உறுமியது’ என்று எழுத நினைக்கிற பிள்ளை, சின்ன ர-வா பெரிய ற-வா என்று தெரியாமல் பயந்து, ‘புலி கத்தியது’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். பிழை இல்லாத தாள் கிடைக்கும், புலி போய்விடும். கேட்கிற சொல்லை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். மூன்றாம் நாள், அவரவர் கதையை அவரவரே உரக்க வாசிக்கும்போது, தடுக்குகிற இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்யுங்கள். பாத்திரங்கள் பேசுவதை மட்டும் தொடாதீர்கள். ஆச்சி ‘சேத்துக்கிடலை’ என்றுதான் சொல்லியிருப்பாள், ‘ஏற்றுக்கொள்ளவில்லை’ என்று திருத்தினால் அது வேறு யாரோ.

இப்போது உங்கள் பீரோவில் இருக்கும் தாள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான்.

அந்தப் பிள்ளை உங்களை நம்பித்தான் எழுதியிருக்கிறாள். எழுதிக் கொடுத்துவிட்டு, டீச்சர் படித்தாரா, படித்து என்ன நினைத்தார் என்று இத்தனை நாளும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பயிற்சி தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். தனியாக, ஆனால் மற்ற பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து, ‘படிச்சேன்’ என்று சொல்லுங்கள். ‘பாவம்’ என்று சொல்லாதீர்கள். எந்த வரி உங்களோடு தங்கியது என்று சொல்லுங்கள். வேறு யாராவது படிக்கலாமா, தாளைத் திருப்பி வேண்டுமா, உங்களிடமே இருக்கட்டுமா என்று அவளிடமே கேளுங்கள். அது அவளுடைய தாள்.

அப்புறம், டீச்சராக நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. அடி விழுகிறதா? அந்த மாதிரி இரவுகளில் எங்கே படுக்கிறாள்? யார் வீட்டுக்காவது போக முடிகிறதா? அவளுக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கதைப் பயிற்சிக்குள் வைத்துத் தீர்க்க முயலாதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. பாலியல் தொல்லை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரியவந்தவர் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு அடுத்த அடி வையுங்கள். நல்லெண்ணத்தில்கூட அப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டு, ‘உங்க பொண்ணு இப்படி எழுதியிருக்கா’ என்று சொல்லிவிடாதீர்கள். அன்று இரவு அதன் பலனை அனுபவிக்கப்போவது அவள்.

அந்தக் கதை புத்தகத்தில் வர வேண்டாம். பெயரை மாற்றிப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் ஊரில் அது யார் வீடு என்று முதல் பத்தியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘உன்னை அழவைத்த நாளைப் பற்றி எழுது’ என்று தலைப்புக் கொடுக்கிற பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அழுதால் பயிற்சி வென்றதாக நினைக்கிறார்கள். பிள்ளைகளின் துக்கத்தைத் தோண்டி எடுக்க நமக்கு உரிமை கிடையாது. தானாக வந்தால் மரியாதையோடு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதே பெண் பயிற்சியில் ஒரு பல்லியைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுத விரும்பலாம். அவளை ‘அந்தக் கதை எழுதின பிள்ளை’ ஆக்கிவிடாமல், பல்லியையும் அதே அக்கறையோடு கேளுங்கள்.

பரிசு வேண்டாம் என்று ஹெச்.எம். அவர்களிடம் பேசிப் பாருங்கள். முப்பது பேரில் மூன்று பேருக்குப் பரிசு என்றால், மற்றவர்கள் தங்களுக்கு எழுத வராது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். முதல் நாளே பரிசு என்று அறிவித்துவிட்டால் நீதிக்கதைகள்தான் திரும்பி வரும், ஏனென்றால் பரிசுக்கு எது சரி என்று அவர்களுக்குத் தெரியும். புத்தகம் நல்ல யோசனை, ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும். ஏ4 தாளை இரண்டாக மடித்து, பிள்ளைகளின் கையெழுத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்தால் போதும். முடிந்தால் சில கதைகளைத் தேன்சிட்டு இதழுக்கும் அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறை உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்காகவே நடத்துகிற இதழ் அது.

முப்பது பேர் ஒருவருக்கு அதிகம். உங்கள் ஊரில் கல்லூரியில் படிக்கிற பழைய மாணவிகள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கதை சொல்லித்தர வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ‘அப்புறம்?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். மே வெயிலில் மதியத்துக்கு மேல் வைக்காதீர்கள். பரிசுக்கு ஒதுக்கிய பணத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிவிடலாம். கோடு போடாத நோட்டாக இருக்கட்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பக்கத்துக்குப் படம்தான் போடுவார்கள்.

அன்புடன்