நண்பர்களை ஒட்டுக்கேட்பது

வணக்கம் ஐயா,

2013இல் தன் கைப்பேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாகத் தெரிந்ததும் ஜெர்மனியின் அப்போதைய ஆட்சித்தலைவர் மெர்கல் அமெரிக்க அதிபர் ஒபாமாவையே தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். அது உண்மையான கோபம் என்பது என் கட்சி. உள்ளூர் மக்களுக்காகப் போட்ட வேடம் என்கிறார் நண்பர். தங்கள் கருத்து?

கே.

அன்புள்ள கே.,

வேடம்தான். உங்கள் நண்பர் அதோடு நிறுத்திவிடுகிறார் என்பதுதான் என் மனக்குறை.

வெள்ளை மாளிகையின் பதிலைப் பாருங்கள். மெர்கலை இப்போது கண்காணிக்கவில்லை, இனியும் கண்காணிக்க மாட்டோம் என்றார்கள். முன்பு? மூச்சில்லை. தமிழில் 'கண்காணிக்கவில்லை' என்ற ஒரே சொல் நேற்றையும் இன்றையும் சேர்த்து மூடிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால் மாட்டிக்கொண்டார்கள்.

பிரான்சின் கூத்து இன்னும் சுவையானது. சிராக், சர்கோசி, ஒலாந்த் என மூன்று அதிபர்களை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாக 2015 ஜூன் 23 இரவு, ரகசிய ஆவணங்களை அம்பலப்படுத்தும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்டது. மறுநாள் அமெரிக்கத் தூதரை அழைத்துக் கண்டித்தார்கள். அதே நாளில், உள்நாட்டில் கண்காணிக்க உளவுத்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தூதரிடம் காட்டிய கோபம் சபைக்குள் நுழையவே இல்லை.

பிரேசிலின் அப்போதைய அதிபர் தில்மா ரூசெஃப், தன்னையும் அமெரிக்கா ஒட்டுக்கேட்டது தெரிந்ததும், 2013 அக்டோபரில் அங்கே செல்லவிருந்த அரசுமுறைப் பயணத்தையே தள்ளிவைத்தார். அடுத்த ஆண்டு அவருக்குத் தேர்தல். வென்றார், 2015இல் வாஷிங்டன் போய்வந்தார்.

ஜெர்மனியில்தான் கதை திசைமாறியது. நண்பர்களுக்குள் வேவு பார்ப்பது கூடவே கூடாது என்று மெர்கல் சொன்னதை அங்கே சிலர் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 2014 மார்ச்சில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைந்தது. அமெரிக்காவைத் துருவப் போனவர்கள் கையில் சிக்கியது சொந்த உளவு நிறுவனமான பிஎன்டி. ஜெர்மனியில் உள்ள பாட் ஐப்ளிங் ஒட்டுக்கேட்பு நிலையத்தில் அமெரிக்கர்கள் கொடுத்த தேடல் குறிப்புகளை (தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி போன்றவை) கொண்டு அது ஐரோப்பியர்களையே ஒட்டுக்கேட்டிருந்தது. தன் பங்குக்கும் நட்பு நாடுகளை வேவு பார்த்திருந்தது. 2017 பிப்ரவரியில் மெர்கலே குழுவின் முன் சாட்சி சொல்ல வந்தார். தனக்குத் தெரியாது என்றார்.

இதற்கிடையே, 2016இல், பிஎன்டியின் பழைய பழக்கங்களுக்குச் சட்டப்பூச்சு பூசியிருந்தார்கள். பத்திரிகையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்கும் ஜெர்மன் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பொருந்தும், அந்தச் சட்டம் அவற்றை மீறுகிறது என்று 2020 மே மாதம் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை உங்கள் நண்பர் எந்த வேடத்தில் சேர்ப்பார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.